நான்கெல்லைக்கு உட்பட்ட பந்து

என் கணவர் இருதயநாதன் ஒருநாளும் பூப்பந்து ஆடியவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவர் பேசுவதைக் கேட்டவர்கள், ஆடியவரும் அவரே, விழுந்தவரும் அவரே, சிராய்ந்ததும் அவர் முழங்கைதான் என்று நினைத்துக்கொள்வார்கள். விழுந்தவன் செல்லக்கண்ணு. இவர் கோட்டுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று எட்டிப் பார்த்தவர், அவ்வளவுதான்.

அவருக்குத் தொழில் பத்திரம் எழுதுவது. அரியலூரில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு சாய்வு மேசையும் மைக்கூடுமாக உட்கார்ந்திருப்பார். நஞ்சையோ புஞ்சையோ மனையோ, கிழக்கே யார் நிலம், மேற்கே யார் நிலம், வடக்கே எந்த வாய்க்கால், தெற்கே எந்த வண்டிப்பாதை என்று நான்கெல்லையைப் பிசகாமல் எழுதுவதில் அவருக்கு நல்ல பெயர். பொய்யான பத்திரத்தில் சாட்சியாகக்கூடக் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் சில பேர் பகை. அந்த எழுத்து வீட்டிலும் அவரை விடாது. கல்யாணமான புதிதில் நான் ஏலாக்குறிச்சியில் அம்மா வீட்டில் இருந்தபோது ஒரு கடிதம் போட்டார். 'மேற்படி அமலோற்பவமேரிக்கு' என்று ஆரம்பித்திருந்தது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. அந்தக் கடிதத்தை யாரிடம் காட்டி அழுவது?

ரயிலடிக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. அங்கேதான் அரியலூர் அணி சாயங்காலம் பூப்பந்து பழகும். பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் நூல் பந்து. பந்து தரையில் படாமல் மட்டையால் திருப்பி அடிக்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஆபீஸ் மூடியதும் அவர் நேரே அங்கே போய்விடுவார். வீட்டில் அரிசி இருக்கிறதா, விறகு இருக்கிறதா என்ற கேள்வியெல்லாம் எனக்கு மட்டும்தான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் மே மாதத்தில் பெரம்பலூரில் பந்தயம் நடந்தது. கடைசி ஆட்டம் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும். யுத்தகாலம், பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றம் வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகிற வழியெல்லாம் எலுமிச்சம்பழ மூட்டையை என் கணவர்தான் மடியில் வைத்திருந்தாராம். அதையும் ஒரு பெருமையாகச் சொல்லுவார்.

அந்த ஆட்டத்தில் அரியலூர் தோற்றது. தோற்றுவிட்டு வந்தால் மனிதர்கள் நாலு நாள் வருத்தப்பட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். இவர் நாலு வருஷம் பேசினார்.

“பாத்துக்கங்க. கெழக்க சுண்ணாம்புக் கோடு. தெக்க பந்தல் கம்பம். வடக்க வலை. மேக்க நம்ம ஆளு ஒருத்தன் நிக்கிறான். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட எடத்துலதான் பந்து எறங்குது. அவனுக்கு இன்னும் ஒரே புள்ளி, எடுத்துட்டான்னா ஆட்டம் முடிஞ்சுது. செல்லக்கண்ணு எங்க இருக்கான்? வலையோரம் இருக்கான். திரும்பினான் பாருங்க. ஓடல, பாஞ்சான். நெஞ்சடிக்க விழுந்து, கைய நீட்டி, பந்துக்கும் தரைக்கும் நடுவுல மட்டைய வுட்டான். எவ்வளவு எடம் இருந்துச்சு? ஒரு நெல்லு கெடக்கிற எடம்! பந்து மேல போச்சு, போச்சு, காத்துல சாஞ்சு அந்தாண்டக் கோடியில கோட்டுக்கு உள்ள வுழுந்துச்சு. அஞ்சு பேரும் வாயப் பொளந்துட்டு நிக்கிறான். அப்பதான் அந்த விசில்காரன் ஊதினான், பந்து தரையில பட்டுடுச்சுன்னு. பட்டுச்சா? நான் பாத்தேன்ங்க. படல!”

விசில்காரன் என்றால் நடுவர். அவர் பேர் இவருக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. கெட்ட மீசை வைத்திருந்தான் என்று மட்டும் சொல்லுவார்.

இதைப் பத்திரம் எழுத வந்தவர்களிடம் சொன்னார். சவரம் செய்ய வந்தவரிடம் சொன்னார். என் அப்பாவுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்த திருமானூர்ச் சொந்தக்காரர்களிடம் இலையில் தண்ணீரால் கோடு போட்டுக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரசம் ஊற்றினேன். 'சார், அந்தக் கதையைச் சொல்லுங்க' என்று வேண்டுமென்றே கிளப்பிவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்களும் உண்டு. அவருக்கு அது கேலி என்றே தெரியாது.

நாற்பத்து ஏழில் எங்கள் மகள் மரிய புஷ்பத்துக்குப் பெரம்பலூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் அருளானந்தம், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். புஷ்பத்துக்குப் பையனைப் பிடித்திருந்தது. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் அந்த வாரம் முழுக்கப் பாடிக்கொண்டே வீடு கூட்டினாள். எனக்கு அது போதும். பெண் பார்க்கப் பையனின் அம்மாவும் மாமாவும்தான் வந்தார்கள். அப்பா சின்னப்பராஜ் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், இன்ஸ்பெக்‌ஷன் என்பதால் வர முடியவில்லை என்றார்கள்.

கல்யாணம் பேசி முடிக்கிற ஒப்பந்தத்தன்றுதான் அவர் வந்தார். வண்டியிலிருந்து இறங்கியபோதே எனக்கு அந்த விசில்காரன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் மூக்குக்குக் கீழே அப்படி ஒரு மீசை. என் கணவர் கைகூப்பியவர் கூப்பியபடியே நின்றார். பிறகு சாப்பாடு முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தவர்கள், பெண்ணின் அப்பா ரொம்ப அடக்கமானவர் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். இவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை போலிருக்கிறது என்று நானும் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், இதற்கு ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் சொல்லுவார். ஏற்கெனவே கல்யாணமானவனா, உறவுமுறை தப்பா என்பதற்காக உள்ள சட்டம் அது. யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். முதல் ஓலை வாசித்து வீடு திரும்பும்போது இவர் என்னிடம் கேட்டார்.

“கடமைப்பட்டிருக்கிறார்கள்னு சாமி சொன்னாரே, கவனிச்சியா?”

“எல்லாக் கல்யாணத்துக்கும் அதான் சொல்வாங்க. வேகமா நடங்க, வெயிலு ஏறுது” என்றேன்.

அந்த வாரம் அவர் ராப்பகலாக யோசித்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் ஞாயிறு, பூசைக்கு மணியடித்த பிறகு, சாமியார் உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த அறைக்குள் போய் ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார். வெறும் காகிதமா? முத்திரைப் பத்திரம்! விக்கினம் சம்பந்தமான மனு என்று மேலே எழுதியிருந்தது. படிக்க நேரமில்லை. விக்கினம் என்று எழுத்துமூலம் வந்துவிட்டால் விசாரிக்காமல் ஓலை வாசிக்கக் கூடாது. எனவே சாமியார் அன்றைக்கு மற்ற இரண்டு கல்யாணத்துக்கு ஓலை வாசித்தார், எங்களுடையதை வாசிக்கவில்லை.

கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. புஷ்பம் என் பக்கத்தில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். ஓலை நின்றுபோன பெண்ணைப் பற்றி ஊர் என்னென்ன பேசும் என்று பெண் பெற்றவர்களுக்குத் தெரியும். வெளியே வருவதற்குள் இரண்டு பேர் என்னிடம் 'என்ன விக்கினமாம்?' என்று கேட்டுவிட்டார்கள். பையனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாமே என்று மூன்றாவதாக ஒருத்தி.

வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் கல்யாணத்த நிறுத்தவா சொன்னேன்? விசாரிச்சுத் தீர்மானிக்கத்தானே எழுதினேன்?” என்றார்.

“எதை விசாரிக்க?”

“தெரிஞ்சே கள்ளத் தீர்ப்புச் சொன்னவன். நாலு வருஷமா மன்னிப்புக் கேக்கல. அந்தக் குடும்பத்துல பொண்ணு குடுக்கலாமான்னு எனக்கு மனசு உறுத்துது. அறிவிக்கக் கடமைன்னு சாமியே சொல்றார். சொல்லாம வுட்டா பாவம் இல்லியா?”

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. புஷ்பம் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

சேதி பெரம்பலூருக்குப் போய்விட்டது. புதன்கிழமை சின்னப்பராஜ் மாஸ்டர் கொதித்துக்கொண்டு வந்து இறங்கினார். சாமியார் எல்லோரையும் தம் பங்களாவுக்குக் கூப்பிட்டார். மனுவைப் படித்திருந்ததால் அவர் முகமும் சிவந்திருந்தது.

“ஏம்பா இருதயநாதா, பந்து வெளயாட்டுக்கா ஓலைய நிறுத்தினே? ஒனக்குப் புத்தி இருக்கா?”

“சாமி, பாத்தத எழுதினேன்.”

மாஸ்டர் எழுந்துவிட்டார். “சாமி, இருபது வருஷமா விசில் ஊதறேன். ஒருத்தன் என்னைக் கள்ளத் தீர்ப்புக்காரன்னு சொன்னதில்லை. இவர் முத்திரைப் பத்திரத்துல எழுதியிருக்கார். தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இல்லேன்னா இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாம்.”

“பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார் என் கணவர்.

எல்லோரும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்த்தோம். இருவரும் அசையவில்லை. கடைசியில் சாமியார்தான் வழி சொன்னார். மட்டை பிடித்தவனுக்குத்தான் பட்டதா படவில்லையா என்று தெரியும், செல்லக்கண்ணுவைக் கூப்பிடுவோம், அவன் சொல்லுக்கு இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும் என்றார். சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

என் கணவர் வீட்டுக்கு வரும்போது தெம்பாக வந்தார். நான் பின்னால் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். படவில்லை என்று செல்லக்கண்ணு சொன்னால் மாஸ்டர் சாமியார் முன்னிலையில் பொய்யர் ஆகிறார். அந்த அவமானத்தோடு எந்த மீசைக்காரர் எங்கள் பெண்ணை மருமகளாக எடுப்பார்? ஜெயித்தாலும் போச்சு, தோற்றாலும் இவர் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ. இந்த மனுஷனுக்கு இது தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஆண்டிமடத்துக்கு பஸ் ஏறினேன். செல்லக்கண்ணு அப்போது ஆட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு மாமனாரின் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழத்திலிருந்து கொட்டையைத் திருகிப் போட்டுக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து, முந்திரிப் பால் பட்டுக் கறுத்த கையை வேட்டியில் துடைத்தான்.

“வாங்க டீச்சரம்மா. சாமியார் வூட்லேருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. நாளைக்கு வரேன்.”

நான் சுற்றி வளைக்கவில்லை. “பட்டுச்சுன்னு சொல்லிடு செல்லக்கண்ணு. எம் பொண்ணு கல்யாணம் அதுல இருக்கு” என்றேன்.

அவன் குனிந்து இன்னொரு பழத்தின் கொட்டையைத் திருகிக் குவியலில் போட்டான்.

“படலீங்க” என்றான். “மட்டை நரம்புல பந்து ஏறினது கைக்குத் தெரியுமுங்க. இன்னும் தெரியுது.”

“எனக்கு அது வேணாம்ப்பா.”

“நான் எத்தினியோ ஆட்டம் ஆடியிருக்கேன், ஒண்ணும் யாருக்கும் ஞாபகமில்ல. இது ஒண்ணுதாங்க. அதுவும் சார் சொல்லிச் சொல்லித்தான் நிக்குது. சந்தையில யாராவது என்னப் பாத்தா, நீதானே அந்தப் பந்த எடுத்தவன்னு கேப்பாங்க. அவங்க யாரும் அந்த ஆட்டத்தப் பாத்தவங்க இல்ல.” பிறகு, “பாப்பாவுக்கு எப்பங்க கல்யாணம் வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். சொன்னேன். சொல்லுகிறேன் என்றோ மாட்டேன் என்றோ அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பை நிறைய முந்திரிக்கொட்டை கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பங்களா அறையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசற்படியில் நின்றேன். புஷ்பம் வெளியே வேப்பமரத்தடியில். செல்லக்கண்ணு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். என் கணவர் அவனைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பெருமை, பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

“உள்ளத உள்ளபடி சொல்லுப்பா” என்றார் சாமியார்.

“பட்டுச்சுங்க” என்றான் செல்லக்கண்ணு. “தரையில பட்டுத்தான் எடுத்தேன்.”

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். என் கணவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கத்தப்போகிறார், எல்லாம் நாசமாகப்போகிறது என்று நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவர் கத்தவில்லை. மைக்கூடு கேட்டார். மனுவின் அடியில், மேற்படி பந்து தரையில் பட்டது உண்மை, என் மனுவை வாபஸ் பெறுகிறேன் என்று தம் நல்ல எழுத்தில் எழுதி, பெயரும் தேதியும் போட்டார். மாஸ்டர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் எங்கள் ஓலை வாசிக்கப்பட்டது. மே மாதக் கடைசியில் கல்யாணம். செல்லக்கண்ணு வரவில்லை, பலாப்பழம் இரண்டு கொடுத்தனுப்பியிருந்தான்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பந்தைப் பற்றிப் பேசவில்லை. நான் எதைக் கேட்டேனோ அது கிடைத்துவிட்டது. கிடைத்ததும்தான் அது எவ்வளவு கெட்டது என்று தெரிந்தது. சாயங்காலம் ரயிலடிப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்வார். முன்பெல்லாம் வீட்டில் ஒரு சாமானும் அவர் கண்ணில் படாது. இப்போதோ நான் சமைக்கிற இடத்தில் வந்து நின்று, விறகு ஈரமா என்று கேட்பார். இதற்கு அந்தப் பேச்சே தேவலாம் என்று ஆகிவிட்டது எனக்கு.

என் பாடு அதைவிட மோசம். சாமியார் முன்னால் ஒருவனைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் அதே சாமியாரிடம்தான் சொல்ல வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. சொல்லாமல் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கவும் கூடாது. ஆகஸ்டு பதினைந்தில் மாதா திருநாளும் சுதந்திரமும் ஒன்றாக வந்து ஊரே கொண்டாடியது. எல்லோரும் எழுந்து நன்மைக்குப் போக, நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லை என்று ஏழு மாதம் சொல்லிப் பார்த்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பத்திரம் எழுத வந்த உடையார்பாளையத்துக்காரர் ஒருவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, “சார், அந்தப் பந்த எடுத்தானாமே ஒருத்தன், நீங்க சொல்லித்தான் கேக்கணும்னு எங்கூர்ல சொன்னாங்க” என்று ஆசையாகக் கேட்டார்.

“அது தரையில பட்ட பந்துங்க. நீங்க சர்வே நம்பரச் சொல்லுங்க” என்றார் என் கணவர்.

எனக்குத் தாங்கவில்லை. வந்தவர் போனதும் முன்னால் போய் நின்றேன்.

“அது படலைங்க. நான்தான் ஆண்டிமடம் போய் அவன்கிட்டக் கெஞ்சிப் பொய் சொல்லச் சொன்னேன். பொண்ணுக்காகச் செஞ்சேன். என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க.”

அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டே, “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“பந்து படலேன்னுதான் எனக்குத் தெரியுமே, நான் பாத்தேனே. அன்னைக்குச் செல்லக்கண்ணு என்னையும் பாக்கல, சாமியையும் பாக்கல. வாசப்படியில நின்ன ஒன்னப் பாத்துட்டுச் சொன்னான்.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

“ஜன்னல் வழியா பாத்தேன். பொண்ணு வேப்பமரத்தடியில ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு நின்னுட்டிருந்துச்சு.” பேனாவை மூடி வைத்தார். “இத்தினி வருஷத்துல தெரிஞ்சே போட்ட பொய்க் கையெழுத்து அது ஒண்ணுதான். மறுநாளே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். சாமி ஜெபமாலை சொல்லச் சொன்னார். ஒனக்கும் சேத்து ரெண்டா சொல்லிட்டேன்.”

சாமியாருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஏழு மாதமாக ஒருத்தி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

“அதை அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

“நான் அதப் பத்திப் பேச்செடுத்தாலே ஒனக்குத்தான் புடிக்காதே” என்றார்.